கீழ்ப்பேட்டையில் இறங்கிய கோடு

ராதோவிட்ஸாவில் காற்று எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மூக்குள்ளவன் ஜன்னலைத் திறந்தால் போதும். ஆனால் மூக்கு சொல்வது அந்த நிமிடத்துச் சேதி மட்டும்தான். பத்து வருடமாகக் காற்று எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, நல்லதற்கா கெட்டதற்கா என்று அது சொல்லாது. அதற்காக அரசாங்கம் அந்த ஊரில் ஒரு நிறுவனம் வைத்திருந்தது. நகர்ப்புறக் காற்றின் நீண்டகாலப் போக்குகளைக் கண்காணிக்கும் நிறுவனம் என்று பெயர். இவ்வளவு பெரிய பெயரை ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்கு அந்த ஊரில் யாருக்கும் மூச்சு மிச்சமில்லாததால், எல்லோரும் காத்தாபீஸ் என்றே சொன்னார்கள்.

கீழ்ப்பேட்டைத் தொடக்கப்பள்ளியின் பின்முற்றத்தில் காத்தாபீஸ் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஓர் ஆள் உள்ளே நின்று வேலை செய்யலாம், அவ்வளவு பெரிய பெட்டி. கூரையில் ஒரு குழாய் காற்றை உறிஞ்சும். உள்ளே ஒரு கருவி அதிலிருக்கும் நுண்தூசியை அளக்கும். அளந்த எண் தானாகவே தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். பெட்டிக்குத் தனி மின் இணைப்புக் கேட்டுப் போட்ட மனு பதினோரு வருடமாகப் பரிசீலனையில் இருந்தபடியால், தற்காலிகமாகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கம்பியை இழுத்து மாட்டியிருந்தார்கள்.

அந்தப் பள்ளிக்குக் காவலாளி, குழாய் ரிப்பேர்காரர், கொதிகலன் பார்ப்பவர் எல்லாமே நவும்தான். ஐம்பத்தெட்டு வயது. யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத மனிதர். பெட்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அதன் தெற்குச் சுவர் காற்றை நன்றாக மறைக்கும்.

காற்றை மறைக்க வேண்டியது அய்வாருக்காக. செப்டம்பர் கடைசியில் சந்தையில் சிவப்புக் குடைமிளகாய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெயில் நாள் முழுக்கக் கிளறிப் புட்டியில் அடைத்தால் அய்வார். அது இல்லாமல் குளிர்காலத்துக்குள் போகிற குடும்பம் அந்த ஊரில் குடும்பத்தோடு சேர்த்தி இல்லை. அதைக் கடையில் வாங்குகிற குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நவுமிடம் இருந்த தகர அடுப்பு பேட்டையிலேயே பெரியது. எரிப்பதற்குப் பள்ளியில் உடைந்துபோன மேசை நாற்காலிகள் இருந்தன. வார்னிஷ் அடித்த பலகை குபுகுபுவென்று பற்றிக்கொள்ளும். ஆகவே வருடம் தவறாமல் பத்து நாளைக்குப் பாதிக் கீழ்ப்பேட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த முற்றத்துக்கு வந்துவிடும். பெட்டியின் குழாய் அந்தப் புகையை ஒரு துளி வீணாக்காமல் உறிஞ்சி அளந்து அனுப்பியது.

காத்தாபீஸ் தன் வரைபடக் கோட்டில் எழும் இந்தச் செப்டம்பர் மேட்டைக் கவனிக்காமல் இல்லை. மூன்று தொகுதிகளில் ஆய்வறிக்கை வெளியிட்டது. தூசியில் வார்னிஷ் கலந்திருப்பதால் எல்லைக்கு அப்பால் அண்டை நாட்டில் யாரோ ரகசியமாக மேசை நாற்காலி தொழிற்சாலை நடத்துகிறார்கள் என்றும், அது செப்டம்பரில் மட்டும் இயங்குகிறது என்றும் அதில் நிரூபித்திருந்தார்கள். அண்டை நாட்டுத் தூதருக்குக் கண்டனக் கடிதம் போயிற்று. ஆய்வுக் குழு மட்டும் செப்டம்பரில் முற்றத்துக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வந்தால் தங்கள் மூச்சுக்காற்று அளவீட்டைக் கெடுத்துவிடும் என்று பயந்தார்கள்.

இந்த மேட்டால் ஒரு நன்மையும் இருந்தது. கடைசிப் பன்னிரண்டு மாதத் தூசிச் சராசரி ஐம்பதைத் தாண்டுகிற பேட்டைக்குச் சூட்டுக் குழாய் போடுவதாக அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. நகரத்துக் கொதிகலனிலிருந்து வெந்நீர் வீடு வீடாக வரும். அடுப்பும் வேண்டாம், விறகும் வேண்டாம். கீழ்ப்பேட்டையின் சராசரி ஐம்பத்திமூன்று. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது.

அந்தக் குழாய்க்காக எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தவர் ஸ்பசே. நவுமுக்கு அவர் 'கும்'. கல்யாணத்தில் பக்கத்தில் நின்றவர், பெண் குழந்தைக்குப் பெயர் வைத்தவர். அந்த ஊரில் கும் என்றால் கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேல். முப்பது வருடம் வார்ப்பட ஆலையில் வேலை பார்த்து நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். இனி ஒரு குளிர்காலம் விறகடுப்புப் பக்கத்தில் கழிந்தால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மின்சார அடுப்பு வைத்தால் அந்தத் தெருக் கம்பி தாங்காமல் ப்யூஸ் போகிறது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். குழாய் வந்தால்தான் உண்டு.

இந்த வருடம் செப்டம்பரில் நவுமின் மனைவி வெலிகா, மகளின் பிரசவத்துக்காக ஸ்டுட்கார்ட் போய்விட்டாள். அவள் இல்லாமல் அய்வாரா? நவும் ஊரின் மறுகோடியில் முகம் தெரியாத கடை ஒன்றுக்குப் போய்ப் பன்னிரண்டு புட்டி வாங்கி வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் வீட்டுப் புட்டிகளில் மாற்றினார். லேபிள்களைக் கொளுத்தினார். ஒரு புட்டியை ஸ்பசேக்கும் கொடுத்தார். கொடுத்த கை கூசியது.

முற்றத்தில் அந்த வருடம் அடுப்பு பற்றவில்லை. பேட்டைக்காரர்கள் நாலைந்து தெரு தள்ளி அவரவர் வாசலில் சுட்டுக்கொண்டார்கள். அதே மிளகாய், அதே புகை. பெட்டியின் குழாய்க்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் நடுவில் காத்தாபீஸ் பள்ளிக்கூட முற்றத்தில் விழா எடுத்தது. குழாய் வருகிற தேதியைத்தான் அறிவிக்கப் போகிறார்கள் என்று ஸ்பசே கோட்டு மாட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் ஆளுயரப் பலகை, அதில் பதினோரு வருடத்துக் கோடு. அன்று புகைமூட்டம் அதிகமாக இருந்ததால் மூன்றாம் வரிசைக்கு மேல் பலகை தெரியவில்லை. கோடு எப்படிப் போகிறது என்பதை ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைகள் வாயைக் கம்பளித் துணியால் கட்டிக்கொண்டு வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள்.

இயக்குநர் டாக்டர் அபோஸ்தோல் எழுந்தார்.

"பெருமக்களே! கீழ்ப்பேட்டையின் சராசரி ஐம்பத்திமூன்றிலிருந்து நாற்பத்தெட்டாக இறங்கிவிட்டது. ஆண்டு இன்னும் முடியவில்லை. ஆனால் அது எப்படி முடியும் என்பது எங்கள் நிறுவனத்துக்குத் தெரியும். காற்றைச் சுத்தப்படுத்த நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. பெருமையோடு சொல்கிறேன், ஒன்றுமே செய்யவில்லை! நாங்கள் கண்காணித்தோம். தன்னை ஒருவன் கவனிக்கிறான் என்று தெரிந்தால் திருடனே திருந்துகிறான். காற்று திருந்தாதா?"

கைதட்டல். ஸ்பசேக்கு இருமல் வந்தது. ஒலிபெருக்கியில் அது பெரிதாகக் கேட்டதால், ஓர் அதிகாரி வந்து அவரை மரியாதையாகப் பின்வரிசைக்கு நகர்த்தினார்.

"ஆகவே," என்றார் இயக்குநர், "குழாய்ப் பட்டியலிலிருந்து கீழ்ப்பேட்டை நீக்கப்படுகிறது என்ற நற்செய்தியைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்களுக்கு எங்கள் வாழ்த்துகள்."

பின்வரிசையில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்பசே கேட்டார்.

"என்னடா சொன்னான் அந்த ஆளு? குழா எப்போ வருதாம்?"

"வரல கும்."

"எந்த மாசம் வரல?"

"எந்த மாசமும் வரல. நம்ம பேட்டைக் காத்து சுத்தமாயிடுச்சாம்."

ஸ்பசே ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எனக்கு யாருமே சொல்லலையேடா," என்றார். "தெரிஞ்சிருந்தா இந்த அளவுக்கு இருமியிருக்க மாட்டேனே."

நவுமால் சிரிக்க முடியவில்லை. முதல் வரிசைக்குப் பக்கத்தில் நின்று அவர் அந்தப் பலகையைப் பார்த்திருந்தார். ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் ஒரு மேடு. இந்த வருடம் அந்த இடம் சமதரை. செப்டம்பர் கடைசி, பத்து நாள். தன் கையெழுத்தைத் தானே பார்த்தமாதிரி இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நவுமின் நெஞ்சு அன்று இடித்தது. பதினோரு வருடம் பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில் வார்னிஷைக் கொளுத்தியது ஒரு பாவம். அது போதாதென்று, இந்த வருடம் கொளுத்தாமல் விட்டு ஸ்பசேயின் குழாயைப் பிடுங்கியது இன்னொரு பாவம். எரித்தாலும் பாவம், எரிக்காவிட்டாலும் பாவம் என்றால் மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

மறுநாள் காலை அவர் காத்தாபீசுக்குப் போனார். அங்கே ஜன்னல்களை எல்லாம் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். வெளிக்காற்று ஊழியர்களின் நடுநிலையைக் கெடுக்கும் என்று சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"காத்தைப் பத்தி ஒரு தகவல் சொல்லணும்மா. ஒரு தப்பு நடந்துபோச்சு."

"காத்தைப் பத்தின தகவலைக் கருவிங்ககிட்டேருந்து மட்டும்தான் வாங்குவோம். நீங்க கருவியா?"

"இல்லம்மா. பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறேன்."

"சரியா வேலை செய்யறீங்கன்னு சோதிச்ச சான்றிதழ் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

நவும் சட்டைப் பையைத் துழாவினார். "ரத்த அழுத்தம் பாத்த சீட்டு இருக்கு."

"எப்போ பாத்தது?"

"மூணு மாசம் ஆச்சு."

"செல்லும். நாலாம் மாடி."

நாலாம் மாடியில் எஞ்சினியர் எமிலியா இருந்தாள். ஏப்ரலிலும் நவம்பரிலும் வந்து பெட்டியைத் துடைத்துவிட்டுப் போகிறவள், நவுமுக்குப் பழக்கம். அவர் சொல்லச் சொல்லக் காகிதத்தில் கணக்குப் போட்டாள். பேனா நின்றது.

"அய்யோ அங்கிள், அச்சு அசலாப் பொருந்துது. அஞ்சு புள்ளி நீங்கதான். மூணு தொகுதி அறிக்கையில அந்த ரகசியத் தொழிற்சாலையைப் பத்தி ஒரு அத்தியாயம் நான் எழுதியிருக்கேன்!"

"மன்னிச்சுக்கம்மா. நாக்காலியெல்லாம் உள்ளூர் நாக்காலிதான்."

அவள் அவரை இயக்குநரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் அபோஸ்தோல் கோபப்படவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க நவும். நீங்க மனசாட்சி உள்ள ஆளு. மனசாட்சி நல்லதுதான். ஆனா ஒரு நாள் உறுத்தலை வெச்சு நாங்க முடிவெடுக்க மாட்டோம். அதோட நீண்டகாலப் போக்கு என்னன்னு பாக்கணும்."

அன்று மதியமே அறிவியல் பேரவை கூடியது. ஏழு பேராசிரியர்கள், எட்டாவதாக நவும். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'மாசு மூலம்' என்று எழுதிக்கொண்டார்கள். சட்டியில் சுட்ட பீன்ஸும் ரொட்டியும் சாப்பாட்டுக்கு வந்தன.

முதல் பேராசிரியர், மிளகாய்ப் புகையைப் பழைய வருடங்களிலிருந்து கழித்துவிடலாம் என்றார். "அப்படிக் கழிச்சா, அப்பவும் நாப்பத்தெட்டு, இப்பவும் நாப்பத்தெட்டு. கோடு இறங்கவே இல்ல." "கோடு இறங்கலைன்னா நாம எல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்று இயக்குநர் மெல்லக் கேட்டார்.

இரண்டாம் பேராசிரியர் கறாரானவர். நீண்டகாலத் தொடர் என்றால் பெட்டியைச் சுற்றியுள்ள சூழ்நிலை மாறக் கூடாது என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது; ஆகவே நவும் செப்டம்பர்தோறும் அதே இடத்தில், அதே எடை மிளகாயை, அதே வகை நாற்காலியில் சுட்டாக வேண்டும், அவருக்குப் பிறகு அவர் வாரிசு சுட வேண்டும் என்றார். நவும் தனக்கு ஒரே மகள்தான், அவளும் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள் என்றார். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் தீர்மானத்தை இயக்குநரே எழுதினார். மிளகாய் சுடாமல் விட்டது நிறுவனத்தின் சாதனை. 'குடைமிளகாய் உமிழ்வுக் குறைப்புத் திட்டம்' பதினோரு வருடங்களுக்கு முன்பே தொடங்கியதாகக் கருதப்படும். கடை அய்வாருக்கு மாறிய முதல் குடும்பம் என்ற வகையில் நவும் கௌரவிக்கப்படுவார்.

"சார், கௌரவமெல்லாம் வேணாம் சார். எங்க பேட்டைக்குக் குழா வேணும். எங்க கும்முக்கு மூச்சு..."

"தனி மனுஷன் மூச்சு எங்க துறையில வராது நவும். அது உள்ள போறது, வெளிய வர்றது. நாங்க பாக்கறது போக்கு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, சும்மா ஃபைலுக்காக."

'பதினோரு ஆண்டுகளாகப் பெட்டியின் அளவீட்டில் நான் குறுக்கிட்டு வந்தேன்' என்று அதில் இருந்தது. உண்மைதானே என்று நவும் போட்டுவிட்டார். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். எதிலோ உறுத்தியது.

"சார், ஜனவரியில கோடு ஏன் இவ்வளவு கீழ கிடக்குது? அப்பத்தானே எங்களுக்கெல்லாம் மூச்சு முட்டும்?"

பேராசிரியர்கள் புன்னகைத்தார்கள். "நல்ல கேள்வி," என்றார் இயக்குநர். "வருஷா வருஷம் ஜனவரி ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் உங்க பெட்டி எண்ணே அனுப்பறதில்ல. 'குளிர்கால மௌனம்'னு அதுக்குப் பேரு. காத்து அவ்வளவு தெளிவா இருக்கறதால கருவிக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைன்னு நாங்க கண்டுபிடிச்சோம். ரெண்டு பேரு அதுல டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க."

"அந்த இருபது நாளுக்கு என்ன போடுவீங்க?"

"ஜூலை. அதுலயும் ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் இருக்கு."

நவும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஜனவரி ஒன்றிலிருந்து இருபது வரை பள்ளி விடுமுறை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும் என்று தலைமையாசிரியையின் எழுத்துமூல உத்தரவு. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அந்தக் கைப்பிடியைக் கீழே இழுப்பவர் அவர்தான். தற்காலிகக் கம்பியும் அதில்தான் தொங்குகிறது. ஊரே புகையில் முங்குகிற அந்த இருபது நாளும் பெட்டியின் கண்ணைக் கட்டிவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

எழுந்து நின்றார். "சார், அது மௌனம் இல்ல. அதுவும் நான்தான்."

இயக்குநர் கையைக் காட்டி அமர்த்தினார். "இன்னிக்கு ஒரு குற்றம் போதும் நவும். சாப்பாடு ஆறுது."

வெளியே நடையில் எமிலியா காகிதத்தை மடக்கி அவர் கையில் வைத்தாள். அதில் ஒரு எண் மட்டும் இருந்தது: அறுபத்தெட்டு.

"ஜனவரி உண்மையா வந்தா இவ்வளவு இருக்கும் அங்கிள். மிளகாயே வேணாம். பட்டியல் ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும் திறந்திருக்கும்."

"அப்போ நான் சுவிட்சை இறக்காம விட்டா?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஒண்ணும் கேக்கல."

மறுநாள் செய்தித்தாளில் நவுமின் படம் வந்தது. கையில் கடை அய்வார் புட்டியைக் கொடுத்து நிற்க வைத்திருந்தார்கள். மதியத்துக்குள் ஸ்டுட்கார்ட்டிலிருந்து போன் வந்தது.

"யோவ் மனுசா! கடையிலயா வாங்குன?"

"வெலிகா, கேளு. பதினோரு வருஷமா நம்ம அடுப்புப் புகை..."

"புகை கெடக்குது விடு! ஊரு உலகத்துக்கு முன்னாடி புட்டியைத் தூக்கிக் காமிச்சுக்கிட்டு நிக்கிறியே, நான் என்ன செத்தா போயிட்டேன்? இங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேப்பரைப் பாத்துட்டு எங்கிட்டப் பேசக்கூட மாட்டேங்கிறாங்க!"

இந்த ஒரு வசையை நவும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். மற்ற குற்றத்துக்கெல்லாம் திட்ட ஆளில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று வந்தது. நவும் மின்சாரப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மெயினை அப்படியே விட்டு, பள்ளிக்கூடத்து ப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பெட்டிக்குப் போகிற ஒன்றை மட்டும் தொடவில்லை. அரை நிமிட வேலை. இந்த அரை நிமிடம் பதினோரு வருடத்தில் தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவருக்கு அழுகை முட்டியது.

அதன் பிறகு நவும் தினமும் காலையில் போய்ப் பெட்டியின் கதவுக் கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்தார். முன்னூற்று எண்பது. நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்று ஐம்பத்தைந்து. பார்த்துவிட்டு நேராக ஸ்பசே வீட்டுக்கு ஓடுவார். கும்முக்கு இருந்ததெல்லாம் அந்தச் செய்தி ஒன்றுதான். இருமல் நின்ற இடைவெளியில் கேட்பார்.

"இன்னிக்கு எவ்வளவுடா?"

"நானூத்தி அம்பத்தஞ்சு!"

"சபாஷ்! ஊரு உழைக்குதுடா!"

அந்த ஊரில் ஜனவரி ஏழாம் தேதி வருகிற கிறிஸ்துமசுக்கு மறுநாள் மலையிலிருந்து நல்ல காற்று அடித்தது. வானம் தெரிந்தது. பெட்டி அறுபது என்றது. நவும் முற்றத்தில் நின்று அந்தக் காற்றை வாய்விட்டுத் திட்டினார். திட்டிய பிறகுதான், அன்று ஸ்பசே இரவெல்லாம் இருமாமல் தூங்கியதை நினைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் புகை திரும்பி வந்தபோது அவர் மனம் நிம்மதி அடைந்தது உண்மை.

ஜனவரி முப்பதாம் தேதி சராசரி அறுபத்தெட்டு புள்ளி இரண்டு. எமிலியா அதைக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினாள். கோடு பலகையின் விளிம்பைத் தாண்டி மேலே போய்விட்டதாம். பலகையைப் பெரிதாக்கலாமா என்று ஒரு பேராசிரியர் கேட்டதாகவும் பேச்சு.

முப்பத்தொன்றாம் தேதி காலை டாக்டர் அபோஸ்தோல் இரண்டு பத்திரிகைக்காரர்களோடும் அரக்கு முத்திரையோடும் முற்றத்துக்கு வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று பேசினார்.

"நிறுவனம் உண்மைக்கு மட்டுமே தலைவணங்கும். பதினோரு ஆண்டுகள் அளவீட்டில் குறுக்கிட்டதாகத் தன் கையெழுத்திலேயே ஒப்புக்கொண்ட ஒருவர், இந்த ஜனவரியிலும் சும்மா இருக்கவில்லை. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்ற எழுத்துமூல உத்தரவை மீறி, துண்டிக்காமல் விட்டிருக்கிறார். அதனால் பெட்டி தன் வழக்கத்துக்கு மாறாக வேலை செய்துவிட்டது. எனவே அந்த இருபது நாட்கள் செல்லாது. விதிப்படி ஜூலை நிரப்பப்படுகிறது. சராசரி நாற்பத்தெட்டு. பெட்டிக்கு ஓய்வு அளிக்கப்படுகிறது."

"சார், அந்தக் கையெழுத்தை மிளகாய்க்குத்தானே போட்டேன்!" என்று நவும் கத்தினார். "அன்னிக்கு நான் கருவி இல்லைன்னு சொல்லித்தானே உங்காளு வாசல்லயே நிறுத்துச்சு! இப்போ என் பேச்சை எப்படி நம்புறீங்க?"

"நீங்க நேர்மையானவர்னு நிரூபணமாயிருக்கு நவும்," என்றார் இயக்குநர் பரிவோடு. "அதனாலதான் உங்க ஒப்புதலை முழுசா ஏத்துக்கிட்டோம்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அரக்கு காய்ந்தது. எமிலியாவை இரைச்சல் துறைக்கு மாற்றினார்கள்; அங்கே வேலை நேரத்தில் பேசக் கூடாது.

நவும் ஸ்பசே வீட்டுக்குப் போனார். அறை சில்லென்று கிடந்தது. ஸ்பசே இரண்டு கோட்டுகளையும் ஒரு கம்பளியையும் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் மறுபடி எச்சரித்ததால் நேற்றிலிருந்து அடுப்பு பற்றவைக்கவில்லை. நவும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மிளகாய், நாற்காலி, சுவிட்சு, கையெழுத்து, ஒன்றைக்கூட விடவில்லை.

"எல்லாத்துக்கும் நான்தான் கும் காரணம். என்னை மன்னிச்சுடு."

ஸ்பசே மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"மன்னிக்கிறதை அப்புறம் பாக்கலாம்டா," என்றார். "குளுருது. அந்த அடுப்பைக் கொஞ்சம் பத்தவெய்யி."

"டாக்டர் அடுப்பு ஆகாதுன்னாரே."

"ஆகாதுதான். இது மட்டும் ஆகுதா?" கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. "என்னால எந்திரிச்சுப் போட முடியல. காலையிலேருந்து நீ வருவேன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

நவும் குனிந்து நாலு கட்டை அடுக்கினார். தீக்குச்சியைக் கிழிக்கக் கை வரவில்லை. மூன்றாவது குச்சியில்தான் பற்றிக்கொண்டது. அறையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறியது. ஸ்பசேயின் முகத்தில் ரத்தம் வந்தது, "அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டார். கால்மணி நேரம் கழித்து இருமல் தொடங்கியது.

நவும் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல், ஒன்று, இரண்டு என்று இருமலை மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். ஐம்பதைத் தாண்டியும் நிற்கவில்லை.